10 எம்.எம். என்று வாங்கினால் 9.3 எம்.எம்.! இரும்புத் தகடு வியாபாரத்தில் நடப்பது என்ன?

-நமது நிருபர்-

சென்னை:- வெல்டிங் போட்ட இடத்தை ஒட்டி மயிரிழை போல ஒரு விரிசல். விரலால் தடவினால் தெரியாது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

அம்பத்தூரில் ஒரு சின்ன பட்டறை. ஓர் ஆலைக்காக ஹாப்பர் செய்தார்கள். ஹாப்பர் என்றால் இரும்பில் செய்த பெரிய புனல். மேலே மூட்டை மூட்டையாகக் கொட்டினால் கீழே சீராக இறங்கும். 10 எம்.எம். தகட்டில் செய்த வேலை. லாரியில் ஏற்றுவதற்கு முந்தின நாள் விரிசல் தெரிந்தது. ஓர் இடத்தில் அல்ல, நாலு இடத்தில்!

பட்டறை முதலாளிக்கு வந்ததே கோபம். வெல்டரைப் பிடித்து விளாசிவிட்டார். அந்த வெல்டர் அங்கே 11 வருஷமாக வேலை பார்த்தவர். "என் கை வெல்டிங் இதுவரைக்கும் விட்டதில்லே முதலாளி" என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. அன்று சாயங்காலமே வெல்டிங் ஷீல்டைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வேறு ஆள் வந்தார். விரிசலைச் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வெல்டிங் போட்டார். மறுபடியும் விரிசல்!

அப்புறம்தான் முதலாளிக்குத் தகடு மேலேயே சந்தேகம் வந்தது. ஒரு துண்டு வெட்டி கிண்டிக்குச் சோதனைக்கு அனுப்பினார். ரிப்போர்ட் வந்தது. தகட்டில் கார்பன் இருக்கவேண்டிய அளவைத் தாண்டி இருந்தது. கந்தகமும் அதிகம். தடிமனையும் அளந்து பார்த்தார். 10 எம்.எம். என்று வாங்கிய தகடு 9.3 எம்.எம். இருந்தது.

பில்லைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினார். பில்லில் இருந்தது ஒரே ஒரு வரி: "எம்.எஸ். பிளேட் 10 எம்.எம்." பக்கத்தில் கிலோ, விலை, 18 சதவிகித ஜி.எஸ்.டி. அவ்வளவுதான்.

"நீங்க எம்.எஸ். பிளேட் கேட்டீங்க. எம்.எஸ். பிளேட் கொடுத்தோம். இதுல எங்க தப்பு என்ன சார்?" என்றார்கள்.

வாய் பேசாமல் திரும்பி வந்தார். அவர் பெயரோ கடையின் பெயரோ வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே போடவில்லை.

நமக்கு என்ன?

இது பட்டறைக்காரர் பாடு, நமக்கு என்ன என்று நினைக்கவேண்டாம்.

கடையில் சரக்கு அடுக்கப் பரண் போடுகிறீர்கள். அடுக்குமாடி வீட்டில் இரும்பு மாடிப்படி வைக்கிறார்கள். மொட்டை மாடியில் தண்ணீர் தொட்டிக்கு ஸ்டாண்டு நிற்கிறது. தூணும் தளமும் சேரும் இடத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும் சதுரத் துண்டு கூட இந்தத் தகடுதான். நீங்கள் பட்டறைக்காரரிடம் கொட்டேஷன் வாங்குகிறீர்கள். அவர் இரும்புக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் கிடங்கைக் காட்டுகிறார். கடைசியில் அதன் மேல் ஏறி நிற்பது நீங்களும் உங்கள் பிள்ளைகளும்தான்.

தங்கம் வாங்கும்போது ஹால்மார்க் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பிரஷர் குக்கரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை தேடுகிறோம். தலைக்கு மேலே டன் கணக்கில் தொங்கும் இரும்பை மட்டும் "கிலோ என்ன விலை?" என்ற ஒரே கேள்வியோடு வாங்கிவிடுகிறோம்.

ஹாட் ரோல்டு என்றால்?

இரும்பு ஆலையில் முதலில் கனமான கட்டி வார்க்கிறார்கள். ஒரு ஜாண் தடிமன் இருக்கும். அதற்கு 'ஸ்லாப்' என்று பெயர். அதை உலையில் 1,200 டிகிரி செல்சியஸ் வாக்கில் பழுக்கக் காய்ச்சி, ராட்சத உருளைகளுக்கு நடுவே விட்டு எடுப்பார்கள். சப்பாத்தி மாவு கட்டைக்கு அடியில் பரவுகிற மாதிரி இரும்பு நீளும், மெலியும். சூட்டோடு உருட்டுவதால் 'ஹாட் ரோல்டு'. ஆறும்போது மேலே கருநீலமாக ஒரு பொருக்கு படியும். அதனால்தான் பட்டறையில் இதைக் கருப்புத் தகடு என்கிறார்கள்.

5 எம்.எம்.மும் அதற்கு மேலும் இருந்தால் பிளேட். அதற்குக் கீழே இருந்தால் ஷீட்.

பிளேட்டிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, பாய் மாதிரி சுருட்டி வைத்த காயிலைப் பிரித்து, நீட்டி, வெட்டியது. இன்னொன்று, பிளேட் மில்லில் தனித்தனித் தகடாகவே உருட்டியது. காயிலில் வந்த தகட்டுக்குச் சுருண்டு கிடந்த பழக்கம் லேசில் போகாது. சரியாக நீட்டாமல் விட்டால், கேஸ் கட்டிங் போட்டுப் பட்டையாக அறுத்தவுடன் வில் மாதிரி வளையும். தூணுக்கு அடியில் போடும் பேஸ் பிளேட் போல மட்டமாக உட்காரவேண்டிய வேலைக்குப் பிளேட் மில் சரக்கைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

எங்கிருந்து வருகிறது?

பலருக்கு இதில் ஒரு குழப்பம். "நம்ம சேலத்திலேயே உருக்காலை இருக்கே?" என்பார்கள். சேலம் உருக்காலையின் சரக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பாத்திரம், ரயில் பெட்டி வேலைகளுக்குப் போவது. பக்கத்து மாநிலத்து விசாகப்பட்டினம் ஆலையில் கம்பி, ஆங்கிள் போன்ற நீள இரும்புதான் தயாராகிறது. கருப்புப் பிளேட் நமக்குத் தொலைதூரத்திலிருந்து வரவேண்டியிருக்கிறது. சத்தீஸ்கரில் பிலாய், ஒடிசாவில் ரூர்கேலா, குஜராத்தில் ஹஜீரா ஆகிய இடங்களில் பெரிய பிளேட் மில்கள் உள்ளன. காயில் சரக்கு கர்நாடகத்தில் பல்லாரி மாவட்டத்துத் தோரணகல்லிலிருந்தும் வருகிறது.

வந்த சரக்கு இறங்கும் இடம் முன்பெல்லாம் பாரிமுனை. செம்புதாஸ் தெருப் பக்கம் இரும்பு வண்டி நின்றால் ஜார்ஜ் டவுனே நின்றுவிடும். அந்த நெரிசலைக் குறைக்கத்தான் பெருநகர வளர்ச்சிக் குழுமம் மணலிக்குப் பக்கத்தில் சாத்தங்காட்டில் இரும்பு மார்க்கெட்டை உண்டாக்கியது. இன்றைக்கு வடசென்னையில் டிரெய்லர் பின்னால் டிரெய்லராகப் போனால், பாதி அங்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பெரியவர்களைக் கேட்டால் பெர்மிட் காலத்துக் கதை சொல்வார்கள். இரும்புக்கு அரசாங்கம் விலை வைத்த காலம் அது. கோட்டா இருந்தால்தான் சரக்கு. இல்லாவிட்டால் கறுப்புச் சந்தை. சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தும் முறையும் இருந்தது. அதனால் பிலாய் பக்கத்தில் இருப்பவருக்கும் சென்னையில் இருப்பவருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. 1992-ல் விலைக் கட்டுப்பாடு போனது. கட்டணச் சமப்படுத்தலும் போனது.

அன்றைக்கு இரும்பு கிடைப்பதே கஷ்டம். இன்றைக்குக் காசு வைத்தால் எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கிறது. கிடைத்தது என்ன இரும்பு என்று தெரிந்துகொள்வதுதான் இன்றைய கஷ்டம்.

முதல் ஓட்டை: தடிமன்

தகடு வியாபாரத்தில் ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் போதும். ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு எம்.எம். தடிமனுக்கு 7.85 கிலோ எடை இருக்கும். 10 எம்.எம். என்றால் 78.5 கிலோ.

மார்க்கெட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் ஓர் அளவு, ஒன்றரை மீட்டர் அகலம், 6.3 மீட்டர் நீளம். பரப்பு 9.45 சதுர மீட்டர். 10 எம்.எம். தகடு சரியாக இருந்தால் 742 கிலோ நிற்கவேண்டும். அதே தகடு 9.3 எம்.எம். என்றால் 690 கிலோதான் நிற்கும்.

வித்தியாசம் 52 கிலோ! கணக்குக்காகக் கிலோ 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு தகட்டுக்கு 3 ஆயிரத்து 120 ரூபாய். பத்துத் தகடு வாங்கினால் 31 ஆயிரத்து 200 ரூபாய். ஒரு ஹெல்பரின் மாசச் சம்பளத்தை ஒரே லோடில் கோட்டை விட்டதாக அர்த்தம்.

இது நடப்பது எப்படி? தகடு இரண்டு விதமாக விற்பனை ஆகிறது. ஒன்று, வே பிரிட்ஜில் ஏற்றி நிஜ எடைக்கு. இன்னொன்று, நீளம், அகலம், தடிமனைப் பெருக்கி வந்த கணக்கு எடைக்கு. கணக்கு எடைக்கு வாங்கி, தகடு மெலிந்திருந்தால் இல்லாத இரும்புக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

"நான் வே பிரிட்ஜ் எடைக்குத்தான் வாங்கினேன், எனக்கு நஷ்டமில்லே" என்று சிலர் சொல்லலாம். காசில் நஷ்டமில்லை, சரி. பலத்தில் நஷ்டம். தகடு 10-லிருந்து 9.3 ஆக, அதாவது 7 சதவிகிதம் மெலிந்தால், வளையாமல் நிற்கும் விறைப்பு ஏறத்தாழ 20 சதவிகிதம் குறைந்துபோகிறது. தடிமன் கொஞ்சம் குறைந்தால் விறைப்பு அதைவிட வேகமாகக் குறையும். பரண் நடுவில் தொய்வது இதனால்தான்.

ஆலையிலிருந்து வரும் நல்ல தகட்டிலும் தடிமன் கொஞ்சம் கூடக் குறைய இருக்கும். அதற்குத் தரநிர்ணயத்தில் ஓர் அளவு வரை இடம் உண்டு. 10 என்று கேட்டவருக்குத் தெரிந்தே 9.3-ஐத் தலையில் கட்டுவது அந்தக் கணக்கில் சேராது.

இதைக் கண்டுபிடிக்க என்ஜினீயர் வேண்டாம். குமாஸ்தா போதும். வே பிரிட்ஜ் எடையைச் சதுர மீட்டரால் வகுத்து, மறுபடி 7.85-ஆல் வகுத்தால் நிஜமான தடிமன் வந்துவிடும். 690-ஐ 9.45-ஆல் வகுங்கள். வந்ததை 7.85-ஆல் வகுங்கள். 9.3! செல்போனில் அரை நிமிஷ வேலை. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வேண்டும். வண்டியின் காலி எடையை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லவேண்டும்.

இரண்டாவது ஓட்டை: கிரேடு

எம்.எஸ். என்றால் மைல்டு ஸ்டீல். அது ஒரு ஜாதிப் பெயர் மாதிரி. ஆள் யார் என்று சொல்லாது.

கட்டுமான இரும்புக்கு நம் நாட்டில் உள்ள தரநிர்ணயம் ஐ.எஸ். 2062. அதில் சாதாரணமாகப் புழங்கும் ரகம் ஈ-250. அந்த 250 என்ன? ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன், நம் பாஷையில் ஏறத்தாழ 25 கிலோ இழுவை வரைக்கும் தகடு நிரந்தரமாக நீண்டுவிடாது என்பதற்கு ஆலை கொடுக்கும் வாக்கு. இது 20 எம்.எம்.முக்குக் குறைந்த தகட்டுக்கு. 20 முதல் 40 வரை 240. அதற்கு மேல் தடிமன் என்றால் 230. தடியாக இருக்கிறதே, பலமாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

ஈ-250-க்குள்ளேயே ஏ, பி.ஆர்., பி ஜீரோ, சி என்று நாலு பிள்ளைகள். வித்தியாசம் அடி தாங்கும் சோதனையில். ஏ ரகத்துக்கு அந்தச் சோதனை கிடையாது. பி.ஆர். ரகத்துக்குச் சாதாரண வெப்பத்தில் சோதனை, அதுவும் கேட்டால்தான். பி ஜீரோவுக்கு ஜீரோ டிகிரியில். சி ரகத்துக்கு மைனஸ் 20 டிகிரியில்.

குளிரில் எதற்குச் சோதனை என்று கேட்கலாம். 1943 ஜனவரி 16-ந் தேதி ராத்திரி அமெரிக்காவில் போர்ட்லாண்டு நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள். ஸ்கெனக்டடி என்ற புத்தம் புது எண்ணெய்க் கப்பல் துறையில் கட்டிக் கிடந்தது. புயல் இல்லை, அலை இல்லை. திடீரென்று பயங்கரச் சத்தம். கப்பல் நடுவில் முறிந்து போனது! வெல்டிங் செய்து கட்டிய கப்பல் அது. இரும்பு குளிரில் கண்ணாடி மாதிரி உடையும் என்ற பாடத்தை உலகம் அப்படித்தான் படித்தது.

சென்னை வெயிலுக்கு அந்தப் பயம் இல்லை. படி, பரண், கேட், ஸ்டாண்டு வேலைக்கு ஏ ரகமே போதும். பி.ஆர். வாங்கினால் இன்னும் நல்லது. ஓயாமல் அதிர்கிற கிரேன் பாதை, கனரக வண்டி வேலை என்றால் டிசைன் போட்டவரைக் கேட்டு அதற்கு மேல் ரகம் வாங்கவேண்டும். இங்கே செய்து லடாக் பக்கம் அனுப்பப்போகிற சாமான் என்றால் சி ரகம் இல்லாமல் கை வைக்கக்கூடாது.

அம்பத்தூர் ஹாப்பர் ஏன் வெடித்தது என்பதற்கும் பதில் இங்கேதான் இருக்கிறது. ஈ-250 ஏ ரகத்தில் கார்பன் 0.23 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது. கந்தகம் 0.045-ஐத் தாண்டக்கூடாது. கார்பன் கூடினால் இரும்பு கெட்டியாகும். கெட்டி நல்லதுதானே என்றால், இல்லை. வெல்டிங் சூடு பட்டு ஆறும்போது பக்கத்து இரும்பு இறுகி முறுக்கேறிவிடும். அந்த இறுக்கத்தில் விரிசல் விடும். கந்தகம் கூடினால் சூட்டிலேயே வெடிப்பு விழும். எவ்வளவு கெட்டிக்கார வெல்டர் வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பாய்லர், காற்றழுத்தத் தொட்டி வேலை என்றால் ஐ.எஸ். 2062 பக்கமே போகக்கூடாது. அதற்கு ஐ.எஸ். 2002 என்று தனி பிளேட் இருக்கிறது. "ரெண்டும் ஒரே மாதிரிதாங்க இருக்கும்" என்று கடையில் யாராவது சொன்னால் வண்டியைத் திருப்புங்கள். பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் ஆபத்து!

மணலும் ஜல்லியும் ஓயாமல் உரசுகிற இடத்துக்கு இன்னொரு வகை உண்டு. ஹார்டாக்ஸ் போன்ற தேய்மானம் தாங்கும் தகடு. விலை அதிகம். அதை முழு ஹாப்பருக்கும் போடவேண்டியதில்லை. உரசுகிற இடத்தில் மட்டும் உள்பக்கம் ஒட்டினால் போதும்.

மூன்றாவது ஓட்டை: காகிதம்

ஒவ்வொரு நல்ல தகட்டுக்கும் ஜாதகம் உண்டு. அதன் பெயர் மில் டெஸ்ட் சர்டிபிகேட். எந்த உலையில், எந்த வார்ப்பில் பிறந்தது என்பதைச் சொல்வது ஹீட் நம்பர். கார்பன் எவ்வளவு, கந்தகம் எவ்வளவு, எவ்வளவு இழுத்தார்கள், எவ்வளவு நீண்டது எல்லாம் அதில் இருக்கும். தகட்டின் மேல் பெயிண்டிலோ பஞ்சிலோ அதே ஹீட் நம்பர் இருக்கும். காயிலில் இருந்து வெட்டிய சரக்கு என்றால் காயில் சீட்டில் இருக்கும்.

காகிதத்து நம்பரும் தகட்டு நம்பரும் ஒத்துப்போனால் ஜாதகம் சரி. கோல்மால் நடப்பது இங்கேதான். நல்ல ஆலையின் ஒரு சர்டிபிகேட் கையில் இருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்து, வருகிற போகிற சரக்குக்கெல்லாம் கொடுப்பார்கள். தகட்டைப் பார்த்தால் நம்பர் இருந்த மூலையை முன்னாடியே வெட்டி எடுத்திருப்பார்கள். "கட் பண்ணும்போது போயிடுச்சு சார்" என்பது ரெடிமேட் பதில்.

இதே தமிழ்நாட்டில், திருச்சி பெல் ஆலையின் வேலை செய்து பழகிய திருவெறும்பூர், துவாக்குடிப் பட்டறைக்காரர்களிடம் இந்தக் கதை சொல்ல முடியாது. பாய்லர் வேலைக்கு 1950-ஆம் ஆண்டின் இந்திய பாய்லர் விதிகள் இருக்கின்றன. தகட்டை வெட்டுவதற்கு முன்னால் நம்பரை அடுத்த துண்டின் மேல் அடித்துவிட்டுத்தான் அறுப்பார்கள். அப்பன் பெயர் தெரியாத துண்டு அங்கே வேலைக்கு ஏறாது. அங்கே முடிகிற காரியம் சென்னையில் ஏன் முடியாது?

பில்லில் 7208 என்று ஓர் எண் இருக்கும். சிலர் அதைத் தரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது வரிக்காகப் போடும் எண். சூட்டில் உருட்டிய அகலத் தகடு எல்லாவற்றுக்கும் அதே எண்தான், நல்லதோ கெட்டதோ!

பழைய கப்பல், துண்டுச் சரக்கு

குஜராத்தில் அலங் கடற்கரையில் 1983-ல் இருந்து பழைய கப்பல்களை உடைக்கிறார்கள். அந்தத் தகடுகளும் நாடு முழுக்கச் சுற்றுகின்றன. கப்பல் பிளேட் என்றால் மட்டம் என்று சொல்ல முடியாது. நல்ல இரும்பாகக்கூட இருக்கலாம். ஆனால் ஜாதகம் இல்லை. உப்புத் தண்ணீர் அரித்த பள்ளங்கள் இருக்கும். பழைய பெயிண்டை எடுக்காமல் கேஸ் கட்டிங் போட்டால் அந்தப் புகை வெல்டரின் நெஞ்சுக்குள்தான் போகும்.

துண்டுச் சரக்கும் அப்படியே. சின்ன வேலைக்கு லாபம்தான். பூந்தொட்டி ஸ்டாண்டுக்கு வாங்குங்கள். ஆள் நிற்கிற இடத்துக்கு, பாரம் தாங்குகிற இடத்துக்கு வேண்டாம்.

கடைக்காரர் கட்சி என்ன?

ஒரு பக்கம் மட்டும் கேட்டால் நியாயம் ஆகாது. சாத்தங்காட்டில் ஒரு வியாபாரியிடம் பேசினோம். அவர் கூறியதாவது:-

"நாங்க எல்லாருமே ஏமாத்தறவங்கன்னு எழுதிடாதீங்க தம்பி. என்கிட்டே சர்டிபிகேட்டோட சரக்கு இருக்கு, இல்லாத சரக்கும் இருக்கு. ரெண்டுக்கும் ரேட் வேற. வர்றவங்க முதல்லே கேக்கறது ரேட்டு. நான் நல்ல சரக்கு ரேட்டைச் சொன்னா அடுத்த கடைக்குப் போயிடறாங்க. பெரிய கம்பெனிக்காரங்க வந்தா பேப்பரைப் பார்த்துட்டுத்தான் தகட்டைத் தொடுவாங்க. அவங்களுக்கு ஒரு தப்பும் நடக்கறதில்லே. ரெண்டு தகடு வாங்க வர்றவர்தான் எதுவுமே கேக்கறதில்லே."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. பட்டறைக்காரரும் ஏன் கேட்பதில்லை? வீட்டுக்காரரோ கடைக்காரரோ நாலு கொட்டேஷன் வாங்கி, குறைந்ததை எடுக்கிறார். கொட்டேஷனில் "10 எம்.எம். தகடு" என்று மட்டும் இருக்கும். நல்ல தகட்டை நினைத்து விலை போட்டவர் வேலை கிடைக்காமல் போகிறார். எப்படியோ சமாளிக்கலாம் என்று போட்டவருக்கு வேலை கிடைக்கிறது. ஆக, கிலோவுக்கு 2 ரூபாய் மிச்சம் பிடிக்கும் ஆசை நம்மிடமே ஆரம்பிக்கிறது. சுற்றிச் சுற்றி நம் தலைமேலேயே வந்து நிற்கிறது.

விலை ஏறும் சமயத்தில் இந்த ஆசை இன்னும் கூடும். 2025 ஏப்ரலில் மத்திய அரசு, இறக்குமதியாகும் தகடு, காயில் வகைகளுக்கு 200 நாட்களுக்கு 12 சதவிகிதப் பாதுகாப்பு வரி போட்டது. மலிவான வெளிநாட்டுச் சரக்கால் உள்நாட்டு ஆலைகள் பாதிக்கப்படுகின்றன என்பது காரணம். ஆலைகளுக்கு அது நியாயமாக இருக்கலாம். ஆனால் பெரிய ஆலைக்கும் அரசாங்கத்துக்கும் நடுவே நடக்கும் பேச்சில் சின்னப் பட்டறைக்கு நாற்காலி கிடையாது. ஒப்புக்கொண்ட வேலையைப் பழைய விலைக்கே முடித்துக் கொடுக்கவேண்டிய பட்டறைக்காரர், விலை ஏறினால் எங்கே கை வைப்பார்? தகட்டில்தான்.

சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. 2012-ல் தொடங்கி இரும்புக்குத் தரக்கட்டுப்பாட்டு உத்தரவுகள் வந்தன. ஐ.எஸ். 2062 தகட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையோடு சி.எம்/எல் என்று ஆரம்பிக்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கவேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலி முத்திரை போடுவது குற்றம்.

ஆனால் பில்லில் கிரேடே எழுதாதவர் மேல் எந்த உத்தரவைக் காட்டுவது? "ஐ.எஸ். 2062 என்று நான் சொல்லவே இல்லையே" என்பார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்குகிறவர் நுகர்வோர் ஆகமாட்டார். தன் கையாலேயே தொழில் செய்து, அந்தப் பிழைப்புக்காக மட்டும் வாங்குகிறவர் நுகர்வோர்தான். சின்னப் பட்டறைக்காரருக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. அங்கேயும் முதலில் கேட்பது பில்தான்!

என்ன செய்யலாம்?

பட்டறைக்காரர்களிடமும் சோதனைச்சாலைப் பக்கமும் விசாரித்ததில் கிடைத்த யோசனைகள் வருமாறு:-

பில்லில் "எம்.எஸ். பிளேட்" என்று மட்டும் வாங்காதீர்கள். "ஐ.எஸ். 2062, ஈ-250, ஏ" அல்லது "பி.ஆர்." என்று எழுதச் சொல்லுங்கள். ஆலையின் பெயரும் ஹீட் நம்பரும் இருக்கவேண்டும். இந்த ஒரு வரிக்குக் காசு கிடையாது. எழுத மறுத்தால், சரக்கு எப்படிப்பட்டது என்று அவரே சொல்லிவிட்டார் என்று அர்த்தம்.

சர்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு தகட்டுப் பக்கம் போங்கள். நம்பர் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். லைசென்ஸ் எண்ணை பி.ஐ.எஸ். கேர் என்ற செல்போன் ஆப்பில் போட்டால் அது யாருடைய லைசென்ஸ் என்று தெரியும்.

தடிமனை ஒரே இடத்தில் அளக்காதீர்கள். துருவையும் பொருக்கையும் சுரண்டிவிட்டு நாலு பக்கமும் அளக்கவேண்டும். வெட்டிய ஓரத்தில் பிசிறு நின்றால் அளவு கூடுதலாகக் காட்டும்.

ஒரு பட்டை அறுத்து வளைத்துப் பாருங்கள். நல்ல தகடு வெளிப்பக்கம் வெடிக்காமல் வளையும். வேலைக்காக வளைக்கும்போதும், உருட்டிய வாட்டத்துக்குக் குறுக்காக மடிப்பு விழும்படி வைக்கவேண்டும். வாட்டத்தோடு மடித்தால் நல்ல தகடும் கிழியலாம். பழி கடைக்காரர் மேல் விழும்.

சந்தேகம் வந்தால் சோதனைக்குக் கொடுங்கள். தரமணியில் மத்திய அரசின் தேசியச் சோதனைச்சாலை இருக்கிறது. கிண்டியில் சிறுதொழில் துறையின் சோதனை மையம் இருக்கிறது. என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற தனியார் சோதனைச்சாலைகளும் உண்டு. முழு வேலையும் முடிந்தபிறகு அல்ல, முதல் தகட்டை வெட்டும்போதே கொடுக்கவேண்டும்.

கடைசியாக, வேலை கொடுக்கும் நமக்கு. கொட்டேஷன் கேட்கும்போதே கிரேடையும் தடிமனையும் எழுதிக் கேளுங்கள். அப்போதுதான் நாலு பேரும் ஒரே சரக்குக்கு விலை போடுவார்கள். யோக்கியமாக விலை போட்டவர் தோற்கமாட்டார்.

வெல்டர் என்ன ஆனார்?

அம்பத்தூர் முதலாளி புதிதாகத் தகடு வாங்கி, ஹாப்பரை மறுபடி செய்து கொடுத்தார். அந்த வேலையில் லாபம் போனது, முதலும் கொஞ்சம் போனது. "காசு போனதுகூடப் பரவாயில்லே தம்பி. பதினோரு வருஷம் கூட இருந்தவனைத் திருடனைப் பேசற மாதிரி பேசிட்டேன். அதுதான் தூக்கத்தைக் கெடுக்குது" என்றார்.

சோதனை ரிப்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வெல்டர் வீட்டுக்கே போயிருக்கிறார். வெல்டர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லையாம். டீ போட்டுக் கொடுத்தாராம். மறுநாள் காலை வேலைக்கு வந்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்.

"இனிமே தகடு வாங்கப் போறப்போ என்னையும் கூட்டிட்டுப் போங்க முதலாளி."

இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் சாத்தங்காட்டுக்குப் போகிறார்கள். முதலாளி விலை பேசுகிறார். வெல்டர் குனிந்து ஹீட் நம்பரைத் தேடுகிறார். நம்பர் இல்லாத தகடு வண்டியில் ஏறுவதில்லை.